தண்ணீர் குடித்த படகு

2012-ஆம் வருடம், பங்குனி மாதம். மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி என்கிற உப்புத் தண்ணீர் ஏரியின் கரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என் கணவரை உட்கார வைத்து, பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரே லாரியிலிருந்து ஒரு படகை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலைப் பொழுதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். ஆனால், திண்டிவனத்தில் லாரிக்கு பாடி கட்டுகிறவர் வீட்டுக்குப் படகு எப்படி வந்தது என்று முதலில் சொல்லாவிட்டால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். எனக்கே சில சமயம் நம்பிக்கை வருவதில்லை.

பைபாஸை ஒட்டி எங்கள் பட்டறை. வெறும் சேசிஸாக வரும் வண்டிக்கு, டிரைவர் உட்காரும் கேபினிலிருந்து பின்கதவு வரை மரத்தில் கட்டிக் கொடுப்போம். கணவருக்கு மர வேலை. அவருடைய தம்பிக்கு இரும்பு வேலையும் எஞ்சின் வேலையும். நான் வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்தேன். நான் பிறந்தது வளவனூர். ஏரித் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும்தான் தெரியும். அவரும் அப்படித்தான். கடலுக்கும் எங்களுக்கும் இருந்த உறவு, மாசி மகத்துக்குப் போய்க் காலை நனைத்துவிட்டு மணலோடு வீடு வந்து சேர்வதோடு சரி.

மரக்காணத்தில் உப்பு வியாபாரம் செய்யும் ஒருவருக்கு லாரி கட்டிக் கொடுத்தோம். வண்டியை ஒப்படைக்கப் போன இடத்தில், உப்புக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பழைய மோட்டார் படகு கிடந்திருக்கிறது. வியாபாரியின் அப்பா, கால்வாயிலும் கழுவெளியிலும் சுற்றித் தன் உப்பளங்களைப் பார்த்து வர வைத்திருந்ததாம். அவரும் காலமாகி, அதை ஓட்டினவரும் காலமாகி, படகில் கோழிகள் முட்டை வைத்துக்கொண்டிருந்தன. "வெறகுக்கு ஆவும், வேணும்னா எடுத்துக்கினு போ" என்றிருக்கிறார் வியாபாரி. என் கணவர் அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவரைப் போல, எஞ்சினோடு தூக்கிக்கொண்டு வந்து பட்டறை நடுவில் இறக்கிவிட்டார்.

சாப்பாடு கொண்டுபோன நான் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, மாட்டுத் தொட்டியா?" என்று கேட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டுபோய்ப் படகின் முன்பக்கப் பலகைமேல் வைத்தார். "தடவிப் பாரு. நான் இத்தினி வருசமா பொட்டிதான் செஞ்சிக்கினு கீறேன். மேலயும் நேரு, கீழயும் நேரு. இது எப்படி வளையுது பாத்தியா?"

கல்யாணமான நாளிலிருந்து என் கை வளையலை இந்த மனிதர் இவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் சொன்னது உண்மைதான். கையை எடுக்க மனம் வரவில்லை. அவ்வளவு வழவழப்பாக, நம் பிள்ளையின் முதுகைத் தடவுவது போலிருந்தது.

அப்புறம் இரண்டு வருடத்துக்கு மேல் அது எங்கள் வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டது. லாரி வேலை இல்லாத நாட்களில் அண்ணனும் தம்பியும் அதைப் பிரிப்பார்கள். மேல் பலகைகள் நல்ல தேக்கு, பிழைத்துக் கிடந்தன. அடிப் பலகைகள் உளியால் தொட்டாலே மாவாகக் கொட்டின. கழற்றிய ஒவ்வொரு பலகையையும் தரையில் வைத்து, அதே அளவுக்குப் புதுப் பலகை அறுத்தார்கள். வளைப்பதுதான் பெரிய பேஜாராக இருந்தது. கடைசியில் கணவர் நெல் அவிக்கிற டிரம்மை யாரிடமோ கேட்டு வாங்கிவந்து, அதிலிருந்து ஒரு நீளக் குழாய் வைத்து, பலகையைக் குழாய்க்குள் நுழைத்து ஆவியில் வேக வைத்தார். வெந்த பலகையைச் சாக்கு சுற்றிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, சூடு ஆறுவதற்குள் வளைத்து அடித்துவிடுவார்கள். முதல் பலகை உடையாமல் வளைந்த அன்றைக்கு எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

எனக்கும் அதில் ஒரு வேலை வந்தது. பழைய பலகைகளைப் பிரிக்கும்போது, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையிலிருந்த சந்தில் பஞ்சைத் திரித்து அடைத்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். தடித்தடியாகக் கை வைத்துக்கொண்டு இவர்கள் திரித்த பஞ்சு எலிவால் மாதிரி பாதியில் அறுந்தது. "நீ வௌக்குக்குத் திரி திரிப்பியே, அது மாதிரி நீளமா திரிச்சிக் குடேன்" என்று ஒருநாள் பஞ்சு மூட்டையோடு வந்து நின்றார். தைக்க வந்த துணியெல்லாம் ஒரு பக்கம் காத்திருக்க, நான் முட்டிமேல் பஞ்சை வைத்து உருட்டி உருட்டித் திரித்துக் கொடுத்தேன். அதைச் சந்துக்குள் இறக்கி, மேலே பட்டி பூசுவார்கள். என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனாரின் மனைவி, "கோயிலுக்குத் திரிச்சா புண்ணியமாவது வரும்" என்று சிரிப்பாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது அவருக்கு இருமல் வந்தது. பட்டறைத் தூசி என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தோம். விழுப்புரத்தில் படம் எடுத்துப் பார்த்து, புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கே நெஞ்சில் கட்டி என்றார்கள். மருந்து ஏற்றினோம், கரண்ட் வைத்தோம். தை மாதத்தில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே வீட்டிலேயே வச்சு நல்லா பாத்துக்குங்கம்மா" என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவருக்கும் என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

பஸ்ஸில் வரும்போது அவர் அழவில்லை. பிள்ளைகளைப் பற்றியோ சொத்தைப் பற்றியோ பேசவில்லை. புதுச்சேரி எல்லை தாண்டினதும் என் பக்கம் திரும்பி, "அது தண்ணியில நிக்கிறத பாத்துட்டா போதும்" என்றார். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. நானும் கொழுந்தனாரும் எப்படியாவது அதைச் செய்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

கொழுந்தனார் லாரி ஆர்டர்களைத் தள்ளி வைத்தார். அவரே ஆட்களை வைத்து மிச்சப் பலகையை அடித்து, பட்டி பூசி முடித்தார். கணவரால் இழைப்புளியைத் தள்ள முடியவில்லை. கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு வழி சொல்வார். எதில் விட்டாலும் ஒரு விஷயத்தில் மட்டும் விடமாட்டார். படகில் ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. எங்கள் தொழிலில் மரத்துக்கு ஈரம்தான் எமன். லாரிப் பலகை நனைந்தால் பெயின்ட் நிற்காது, போல்ட் துருப்பிடிக்கும், பாடி ஆடும். அதனால் மூடுபனி விழும் நேரத்தில் தார்ப்பாய் போட்டு மூடி, வெயில் வந்ததும் திறந்து, களத்தில் மல்லாட்டை காய வைப்பது போல அந்தப் படகைக் காய வைத்தோம். தண்ணீரில் விடுவதற்கு முந்தைய வாரம் முழுக்க பட்டறைக்கு வெளியே பங்குனி வெயிலில் நிறுத்தி வைத்திருந்தோம். கணவர் பலகையை விரலால் தட்டிக் கேட்டுவிட்டு, "இப்பதான் கலகலன்னு கீது" என்று திருப்திப்பட்டார்.

மேலே வெள்ளை, கீழே சிவப்பு அடித்தோம். லாரிக்கு எழுதுகிற பெயின்டர், பழக்க தோஷத்தில் பின்பக்கம் 'ஒலி எழுப்பவும்' எழுதட்டுமா என்று கேட்டார். கணவர் இருமி இருமிச் சிரித்தார். அதுதான் நான் பார்த்த அவருடைய கடைசிச் சிரிப்பு என்று சொல்ல ஆசை. இல்லை, அதற்குப் பிறகும் ஒரு தடவை சிரித்தார். அதைச் சொல்கிறேன்.

கழுவெளியில் கழிமுகத்துப் பக்கம் கோடையிலும் தண்ணீர் நிற்கும். எஞ்சின் கனமானது, அதனால் முதலில் வெறும் படகை மிதக்கவிட்டு, பிறகு எஞ்சினை இறக்கலாம் என்று கொழுந்தனார் ஏற்பாடு. நான் முதலில் சொன்ன அந்தக் காலையில், இரும்புக் குழாய்களைக் கீழே போட்டு உருட்டிக்கொண்டே போய்ப் படகைத் தண்ணீரில் தள்ளினார்கள். ஒரு குலுங்கு குலுங்கி நிமிர்ந்து நின்றது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகத் திருப்பியது. அங்கே வலை வீசிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள். நான் குடையை மறந்துவிட்டுக் கை தட்டினேன். அவர் மட்டும் எதுவும் செய்யவில்லை. வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஃபிளாஸ்கிலிருந்து அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தேன். அந்த டீயை அவர் குடித்து முடிக்கவில்லை. படகுக்குள் நின்றிருந்த ஆள், "அண்ணா, தண்ணி வருது" என்று குரல் கொடுத்தான். ஒரு இடத்தில் இல்லை. சந்து சந்தாக, எல்லாப் பக்கத்திலிருந்தும் வியர்வை போலக் கசிந்து, பிறகு ஓட ஆரம்பித்தது. கொழுந்தனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். பக்கெட்டால் வாரி வாரி ஊற்றினார்கள். வாருவதைவிட வேகமாக ஏறியது. படகு கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, சிவப்பு மறைந்து, வெள்ளையிலும் பாதி மறைந்து, கடைசியில் முழங்கால் ஆழச் சேற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. விளிம்பு மட்டும் தெரிந்தது.

வலை வைத்திருந்த ஒருவர் கரைக்கு வந்தார். இப்போது அந்தப் பக்கம் எல்லோரிடமும் ஃபைபர் படகுதான். "பழைய மரம்ங்க, இனிமே புடிக்காது. எங்க ஆளுங்ககூட மரத்த வுட்டு ரொம்ப நாளாச்சி" என்று இரக்கமாகச் சொன்னார். கொழுந்தனார் இன்னும் தண்ணீரை வாரிக்கொண்டிருந்தார். யார் சொல்லியும் நிறுத்தவில்லை. கடைசியில் என் கணவர்தான், அந்த மூச்சு வாங்கும் குரலில், "டேய், போதும் ஏறி வாடா" என்றார்.

வேனில் திரும்பி வரும்போது அவர் தலை என் தோளில் இருந்தது. எனக்கு என் திரியின் மேல்தான் சந்தேகம். எங்கோ தளர்வாகத் திரித்துவிட்டேன், அதனால்தான் தண்ணீர் நுழைந்துவிட்டது என்று மனசு அடித்துக்கொண்டது. அது அவருக்கு எப்படித் தெரிந்ததோ, "உன் திரியில குத்தமில்ல. நான் பலக சேத்ததுதான் சரியில்ல" என்றார்.

ஏதாவது சொல்லியாக வேண்டும் இல்லையா? அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு, "போவுது வுடுங்க. மரந்தானே? லாரி கட்றவருக்கு படகு எதுக்கு? நீங்க கட்ன வண்டி எத்தினி ஊருல ஓடிக்கினு கீது" என்றேன்.

அவர் லேசாகச் சிரித்தார். "ஆமா. நமக்கு பொட்டிதான் சரி" என்றார்.

அதற்குப் பிறகு படகு என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. ஒரே ஒருமுறை தம்பியைக் கூப்பிட்டு, "நேரம் கெடைக்கும்போது அத்த இழுத்துப் போட்டு பிரிச்சிடு. வெறகுக்காவது ஆவட்டும்" என்றார். அந்த வாரமே, ஒரு மத்தியான வேளையில், நான் கேப்பைக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் காரியம் முடிகிறவரைக்கும் பங்காளிகள் தொழிலைத் தொட மாட்டார்கள். பட்டறை பூட்டிக் கிடந்தது. உளி, சுத்தியல், இழைப்புளி எல்லாவற்றையும் ஒரு துணியில் மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டார் கொழுந்தனார். லாரிக்காரர்கள் போன் பண்ணினால்கூட, தீட்டு கழியட்டும் என்று சொல்லிவிட்டார். அந்த நாட்களில் படகை யார் நினைத்தார்கள்? அது பாட்டுக்குக் கழுவெளியில் தண்ணீருக்குள் கிடந்தது.

கருமாதி முடிந்து பட்டறையைத் திறந்ததும் கொழுந்தனார் செய்த முதல் வேலை, அண்ணன் சொன்னபடி படகைப் பிரித்து எடுத்து வரப் போனதுதான். கோடாலி, கடப்பாரையோடு ஆட்களையும் கூட்டிக்கொண்டு காலையில் போனவர், பொழுது சாயும் நேரத்தில் தனியாக வந்து வாசலில் நின்றார். முகம் பேயடித்த மாதிரி இருந்தது. யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று பயந்துபோனேன்.

"அண்ணி, இழுக்கறதுக்காக தண்ணிய வாரி ஊத்தனோம். அப்புறம் தண்ணி ஏறவே இல்ல. சேத்துல குந்திக்கினு கீதுன்னு நெனச்சி ஆழத்துக்குத் தள்ளிப் பாத்தோம். அங்கயும் மெதக்குது அண்ணி. காலையில இருந்து மெதந்துக்கினே கீது."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. மறுநாள் நானும் வருகிறேன் என்றேன். புருஷன் போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று ஓரகத்தி இழுத்தாள். கொழுந்தனார் அவளைப் பார்த்து, "அத்த அண்ணிதான் மொதல்ல பாக்கணும்" என்று மட்டும் சொன்னார். காலையில் அவளே எனக்குத் தலை சீவிவிட்டு, தண்ணீர் பாட்டிலும் கொடுத்து அனுப்பினாள்.

கயிறு கட்டிக் கரையோரமாக நிறுத்தியிருந்தார்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போய், விளிம்பைப் பிடித்து உள்ளே கை விட்டேன். அடிப் பலகைமேல் உள்ளங்கையை வைத்து ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைவரை தடவினேன். காய்ந்திருந்தது. வெயில் பட்டுச் சூடாகக்கூட இருந்தது. பலகைகள் ஒன்றை ஒன்று நெருக்கியதில் சந்துகளில் பூசியிருந்த பட்டி, கொழுக்கட்டையில் பூரணம் பிதுங்குவது போல வெளியே வந்திருந்தது. உள்ளே ஒரு இடத்தில் நான் திரித்த பஞ்சின் நுனி தெரிந்தது. பிடித்து இழுத்தேன். வரவில்லை. பலமாக இழுத்தேன். நூலளவு அசையவில்லை. அந்தப் பலகைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, அவருடைய சாவு வீட்டில்கூட அப்படி அழாத அழுகையை அழுதேன்.

கொழுந்தனார் கரையில் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "மழக்காலத்துல லாரிக் கதவு ஊறிப்போயி புடிச்சிக்கும். எத்தினி கதவ இழைச்சி வுட்டிருப்போம் நானும் அவரும். மரம் ஊறும்னு எங்களுக்கா தெரியாது அண்ணி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தெரியும்தான். ஆனால் எங்களுக்கு அது ஒரு தொல்லையாகத்தான் தெரியும். கதவைத் திறக்கவிடாத சனியன் என்றுதான் தெரியும். படகை முதலில் தண்ணீரில் போட்டு ஊறவிட வேண்டும், காய்ந்த மரம் ஆசை தீரத் தண்ணீர் குடித்து, உப்பி, தானாகவே சந்தை மூடிக்கொள்ளும், அதுவரை கசியத்தான் செய்யும் என்று எங்களுக்குச் சொல்ல யாருமில்லை. அதை அவ்வளவு அக்கறையாக வெயிலில் காய வைத்தோமே, அந்த அக்கறைதான் அன்றைக்கு அதை அவ்வளவு சீக்கிரம் மூழ்கடித்தது. பட்டறையைப் பூட்டிவிட்டு நாங்கள் துக்கம் காத்த நாட்களில், யாரும் தொடாமல் கிடந்து, அது தன்னைத்தானே சரி செய்துகொண்டுவிட்டது.

பிறகு எஞ்சினை இறக்கினார்கள். கொழுந்தனார் ஓட்ட, ஒருமுறை நானும் உட்கார்ந்து கழுவெளியில் போனேன். நாரைகள் எழுந்து பறந்தன, காற்று நன்றாக இருந்தது. எல்லாம் அழகாகத்தான் இருந்தது, ஆனாலும் பாதியிலேயே திருப்பச் சொல்லிவிட்டேன். இப்போது படகு அங்கேயே மீன் பிடிக்கிற ஒரு குடும்பத்திடம் இருக்கிறது. வருடா வருடம் கோடை முடிந்து அதை எடுக்கும்போது, முதலில் கரையோரம் ஊறப் போட்டுவிட்டுத்தான் ஓட்டுவார்களாம்.

அண்ணன் மேலேயிருந்து பார்த்திருப்பார் அண்ணி என்று கொழுந்தனார் எனக்குச் சொல்வார். மற்றவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. தன் கையால் செய்தது வீணாகப் போனது என்று நினைத்துக்கொண்டேதான் அவர் போனார். அவர் சேர்த்த பலகையில் ஒரு குறையும் இல்லை என்று இன்றைக்கு ஊருக்கே தெரியும், அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

அதிலிருந்து நான் ஒன்றில் மாறிவிட்டேன். பிள்ளைகளோ அக்கம்பக்கத்தாரோ ஏதாவது கைகூடவில்லை என்று வந்து உட்கார்ந்தால், முன்பெல்லாம் 'போனால் போகட்டும்' என்பேன். இப்போது அந்த வார்த்தை என் வாயில் வருவதில்லை. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும், பார்க்கலாம் என்கிறேன். ஜெயித்துவிட்ட மனிதரின் கையை மடியில் வைத்துக்கொண்டு, தோற்றுப்போனதற்கு ஆறுதல் சொன்னவள் நான். அவர் அதைச் சரி என்று ஏற்றுக்கொண்டு சிரித்தாரே, அந்தச் சிரிப்பைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.